கல்யாண வாசலுக்கு வாழை வந்த கதை

அந்தக் காலத்தில் சாவு என்று ஒன்று கிடையாது. மரமும் மாடும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு ஒன்றாக இருந்த காலம் அது. எந்த யுகம், எத்தனையாவது மன்வந்தரம் என்று துல்லியமாகக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. அப்போது யாரும் ஆண்டுகளை எண்ணவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது?

சாகாத மனிதர்கள் என்றதும் தாடி வளர்த்த ஞானிகள் கூட்டம் ஒன்று நம் கண்முன் வருகிறது. அப்படியெல்லாம் இல்லை. அவர்கள் பெரும்பாலும் படுத்துக் கிடந்தார்கள். வீடுகளுக்கு மூன்று சுவர்தான் இருந்தது. நான்காவதை நாளைக்கு எழுப்பிக்கொள்ளலாம். கிணறுகள் இடுப்பளவு ஆழத்தோடு நின்றன. பாட்டுகளில் பல்லவியைத் தாண்டி எவரும் போனதில்லை. ஒரு வாய்க்கால் தகராறில் ஓர் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வாய்க்கால் தூர்ந்து, அதன்மேல் ஒரு புளியமரம் முளைத்து, அந்த மரமே இருவருக்கும் நடுவே சமாதானம் பேசிப் பேசி அலுத்துப்போனது. அவர்கள் பேசவில்லை. பேசிக்கொள்ள நாளா இல்லை?

ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். ஊர் அம்பலக்காரர் மொக்கையனின் மகள். ஊரில் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மொக்கையன். "நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்" என்பார். அதுவரை அவர் ஒரு தீர்ப்பும் சொன்னதில்லை என்பதால், நீதி தவறாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

சிலம்பாயிக்கு ஒரே ஒரு குறை. அவளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும்.

மாப்பிள்ளை இல்லாமல் இல்லை. சொந்த மாமன் மகன் சடையாண்டி. பரிசம் போட்டாயிற்று. வாசலில் பந்தக்காலும் ஊன்றியாயிற்று. முகூர்த்தம் குறிப்பதுதான் பாக்கி. ஊன்றிய பந்தக்கால் கல்யாணமுருங்கைக் கம்பு. வெட்டி நட்டால் பிழைத்துக்கொள்ளும் சாதி. அது வேர்விட்டு, கிளைத்து, முள்ளும் இலையுமாகப் பெரிய மரமாகிச் சிவப்பாகப் பூத்துக்கொண்டிருந்தது. எதற்காகத் தன்னை நட்டார்கள் என்பதே அதற்கு மறந்துவிட்டது. ஒருநாள் கோலம் போட வந்த சிலம்பாயியிடம், "இந்த வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டது. அவள் பாதிக் கோலத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சடையாண்டி கெட்டவன் இல்லை. ஆற்றோரம் மருதமர நிழலில் படுத்திருப்பான். தூண்டில் போட்டிருப்பான், முள்தான் இன்னும் மாட்டியிருக்க மாட்டான். சிலம்பாயிக்காக ஒரு மாலைகூடத் தொடுக்க ஆரம்பித்திருந்தான். கோரைப்புல்லால் கட்டினால் பூ நழுவிவிடுகிறது, நல்ல நார் கிடைக்கட்டும் என்று பக்கத்தில் வைத்திருந்தான். பூக்கள் உதிர்ந்து, காற்றோடு போய், புல் மட்டும் கிடந்தது.

"மாமா, முகூர்த்தம் எப்பன்னு அப்பா கேக்கச் சொன்னாரு" என்பாள் சிலம்பாயி. அப்பா ஒன்றும் கேட்கச் சொல்லியிருக்க மாட்டார்.

"வச்சுக்கலாம் புள்ள."

"அதான் எப்ப?"

"வச்சுக்கலாம்ங்கிறேன்ல. இப்ப என்ன அவசரம்? நீ எங்க போயிரப் போறே? நான் எங்க போயிரப் போறேன்?"

அன்பாகத்தான் சொல்வான். அந்த அன்பில் குறை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. ஆனாலும் திரும்பி நடக்கும்போது, தான் ஒரு ஆள் இல்லை, ஆற்றங்கரையில் கிடக்கும் ஏதோ ஒரு பொருள் என்று அவளுக்குத் தோன்றும். அங்கேயேதான் கிடக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் யாரும் எடுக்காமலே விட்ட பொருள்.

மனசு விட்டுப் பேச அவளுக்கு இருந்தது கொல்லையில் நின்ற வாழை ஒன்றுதான். பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில் அது நின்றது. அந்தக் காலத்து வாழை பூக்காது, காய்க்காது. இலைமேல் இலையாக விட்டுக்கொண்டு கூரைக்கு மேலே வளர்ந்து கிடந்தது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"வந்துட்டியா? என்ன சொன்னான் உன் மாமன்?"

"வச்சுக்கலாம்னாரு."

"அதைத்தானே போன தடவையும் சொன்னான்!"

"எந்தப் போன தடவை?"

வாழை யோசித்துப் பார்த்தது. "அதுவும் சரிதான்" என்றது.

காற்றில்லாத வேளையிலும் அதன் இலைகள் நடுங்கின. சிலம்பாயி என்னவென்று கேட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. எனக்குள்ள ஒன்னு ஏறிக்கிட்டிருக்கு. கிழங்குல இருந்து கிளம்பி, இப்ப நெஞ்சு வரைக்கும் வந்திருச்சு. ரொம்ப நாளா அடக்கி வச்சிருக்கேன்."

"என்னது அது?"

"தெரியலையே. வெளிய விட்டா இனிக்கும்னு தோணுது. வெளிய விட்டா நான் முடிஞ்சிருவேன்னும் தோணுது."

"மாமரம் வருசா வருசம் காய்க்குது. அது என்ன முடிஞ்சா போச்சு?"

"அது கொப்புல காய்க்குதுடி. எனக்கு இது நடுநெஞ்சுல இருந்து வருது."

இந்த இடத்தில் சிலம்பாயி ஒரு தவறு செய்தாள். சாவே இல்லாத ஊரில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. முடிவது என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சோறு வெந்து முடிவது, துணி காய்ந்து முடிவது. அதற்குமேல் ஒரு முடிவு இருக்கும் என்று அவள் எங்கே கண்டாள்?

"முடிஞ்சா முடியட்டுமே" என்றாள். "இந்த ஊர்ல ஒன்னே ஒன்னாவது முடியட்டும். விட்டுத்தான் பாரேன்."

"விடவா?"

"விடு."

வாழை விட்டது.

உச்சியிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு பூ வெளியே வந்து, கனம் தாங்காமல் தலைகுனிந்து தொங்கியது. அதன் மடல் ஒவ்வொன்றாக மேலே சுருள, அடியில் விரல் விரலாகப் பிஞ்சுகள் வரிசை கட்டி நின்றன. தேனீக்கள் ஓடி வந்தன. அவற்றைப் பார்த்து, எதுவும் எங்கும் ஓடிப் பழக்கமில்லாத ஊர், எழுந்து வந்தது. மொக்கையன்கூடக் கட்டிலை விட்டு இறங்கி வந்து கொல்லையில் நின்றார். பிஞ்சு காயாகி, காய் பழுத்து மஞ்சளானபோது, சிலம்பாயி சீப்புச் சீப்பாக வெட்டி ஊருக்கெல்லாம் கொடுத்தாள்.

அப்படி ஒரு இனிப்பை அவர்கள் கண்டதில்லை. தின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சடையாண்டி ஒன்றைத் தின்றுவிட்டு, "இன்னும் இருக்கா புள்ள?" என்றான்.

"இல்ல மாமா. தீந்துபோச்சு."

"அடுத்த வருசம்?"

சிலம்பாயி வாழையைத் திரும்பிப் பார்த்தாள். அதன் இலைகள் ஓரங்களில் பழுப்பாகச் சுருண்டிருந்தன. அவள் பக்கத்தில் போனாள்.

"இனிச்சுதா?" என்று கேட்டது வாழை. குரல் மெலிந்திருந்தது.

"இனிச்சுது."

"எனக்குத் தெரியாதுல்ல. அதான் கேட்டேன்."

பிறகு அது மெல்லச் சாய்ந்து, அவள் துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் விழுந்தது.

அசந்து தூங்குகிறது, எழுந்துகொள்ளும் என்றார்கள் ஊரார். சிலம்பாயி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பேசிப் பார்த்தாள். சடையாண்டி சொன்னதை எல்லாம் ஒப்பித்து, கோபமூட்டியும் பார்த்தாள். வாய் நீளமான அந்த வாழை பதில் சொல்லவில்லை. வெளிப்பட்டைகள் உலர்ந்து, நார் நாராகப் பிரிந்து காற்றில் ஆடின.

ஊருக்குத் தெற்கே புற்றுமேட்டில் காலன் என்று ஒருவன் இருந்தான். உலகத்தை உண்டாக்கியபோதே அவனையும் உண்டாக்கி, ஓர் எருமையையும் ஒரு கயிற்றையும் கையில் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. கயிறு எருமையைக் கட்டத்தான் போலிருக்கிறது என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்து, அதில் எருமையைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தான். அன்று எருமை மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது.

"வேலை வந்திருக்கு" என்றது.

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

இருவரும் தயங்கித் தயங்கி ஊருக்குள் வந்தார்கள். முதல்நாள் வேலைக்கு வருகிறவனுக்கு உள்ள கூச்சம் காலனுக்கும் இருந்தது. விழுந்து கிடந்த வாழையையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணையும் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இதைக் கூட்டிட்டுப் போகணும்மா."

"தூங்குது. எழும்பட்டும்."

"எழும்பாது."

"நாளைக்கு?"

"எழும்பாது."

"சரி, என்னைக்குத்தான் எழும்பும்?"

காலன் எருமையைப் பார்த்தான். எருமை தரையைப் பார்த்தது. நாளைக்கு என்ற பதில் பொருந்தாத ஒரு கேள்வி அந்த ஊரில் அன்றுதான் முதன்முதலில் கேட்கப்பட்டது.

சிலம்பாயி அழுதாள். ஏதோ கண்ணில் தூசி விழுந்தது என்று கூடிநின்றவர்கள் நினைத்தார்கள். வேறு எதற்காகவும் கண்ணில் நீர் வந்து அவர்கள் பார்த்ததில்லை. அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒன்று விளங்கியது. வாழை பேசிய ஒவ்வொரு சொல்லும், அது கேலி செய்த ஒவ்வொரு முறையும், இலையை எந்தப் பக்கம் சாய்த்துச் சிரித்தது என்பதுவரை, அவளுக்கு நினைவிருந்தது. காலங்காலமாகக் கூடவே இருக்கும் சடையாண்டி சொன்னவற்றில் ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது. அதுவும் அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னதால்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, வாழைக்குக் கொடுத்ததை எனக்கும் கொடுங்க."

காலன் பதறிவிட்டான். "நான் எதுவும் கொடுக்கலைம்மா! அது தானாத்தான் முடிச்சுக்கிட்டுது. நான் தூக்கிட்டுப் போக வந்த ஆளு."

"உங்களால முடியாதா?"

"முடியாதுன்னு இல்ல..." அவன் தலையைச் சொறிந்தான். யாரிடமாவது முறைப்படி கேட்டுவிடுவது நல்லது என்று பட்டது. "அம்பலக்காரரே, உங்க மக கேக்குது. ஊருக்கே வேணும்னாலும் சரிதான். என்ன சொல்றீங்க?"

மொக்கையன் மகளைப் பார்த்தார், விழுந்த வாழையைப் பார்த்தார்.

"நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்" என்றுவிட்டு, ஆற்றோரம் போய் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இன்னைக்கே வேணும்" என்றாள் சிலம்பாயி.

காலன் பெருமூச்சு விட்டான். "அப்ப கையைக் காட்டு. எருமை மோந்து பாக்கும். பார்த்துருச்சுன்னா அது இன்னையில இருந்து உன்னைத் தேடி நடக்கும். எப்ப வந்து சேரும்னு எனக்கே தெரியாது. நல்லா நடக்கும், ஆனா வழியில புல்லைக் கண்டா நிக்கும், குளத்தைக் கண்டா இறங்கிப் படுத்துக்கும். திருப்பி அனுப்ப மட்டும் முடியாது."

சிலம்பாயி உள்ளங்கையை விரித்து நீட்டினாள். எருமை ஈரமான மூக்கை அதில் வைத்து மூச்சை இழுத்தது.

"ஞாபகம் வச்சுக்கிட்டேன்" என்றது மிகவும் மரியாதையாக.

சேதி ஆற்றங்கரைக்குப் போனது. மருத நிழலில் கிடந்த சடையாண்டி, 'எங்க போயிரப் போறா' என்று வழக்கம்போல நினைக்கத் தொடங்கி, பாதியில் நின்றான். அந்த நினைப்புக்கு முதன்முறையாக ஒரு பதில் இருந்தது. எழுந்தான். ஓடினான். ஓடத் தெரியாது அவனுக்கு. இரண்டு இடத்தில் விழுந்து, முட்டியில் ரத்தத்தோடு வந்து நின்றான்.

"என்ன புள்ள பண்ணிட்டே? என்னைக் கேக்காம..."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் எருமையிடம் திரும்பி உள்ளங்கையை நீட்டினான். "எனக்கும். அவளுக்கு முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம். ஒன்னாவே வந்து சேரு."

"பேரம் பேசாதீங்க மாப்பிள்ளை" என்றது எருமை. "நான் நடக்கிறவன். கணக்குப் போடத் தெரியாது."

"சரி, மோந்து தொலை." பிறகு அவன் சிலம்பாயியைப் பார்த்தான். பலகாலம் கூடவே இருந்தவளை அன்றுதான் பார்த்தான். இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. "கல்யாணத்தை நாளைக்கு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். "விடிஞ்சதும். சூரியன் அந்த முருங்கை உச்சிக்கு ஏறுறதுக்குள்ள. அதுக்கு மேல ஒரு நொடி தாண்டக்கூடாது."

அதுதான் உலகத்தில் குறிக்கப்பட்ட முதல் முகூர்த்தம்.

அந்த ஊர் ஒரு நாளும் அப்படி வேலை செய்ததில்லை. சடையாண்டி உலர்ந்த வாழைப்பட்டையிலிருந்து நார் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, மாலையைத் தொடுத்து முடித்தான். இந்த முறை ஒரு பூவும் நழுவவில்லை. சிலம்பாயி ஒன்றுதான் கேட்டாள்: வாழை தன் கல்யாணத்துக்கு நிற்கவேண்டும்.

"செத்ததை வாசல்ல நிறுத்துறதா? நல்ல காரியத்துல?" என்றார்கள். சொல் புதிது; அதற்குள் அபசகுனமும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அது முடிச்சதாலதான் இந்தக் காரியமே நடக்குது" என்றாள்.

சடையாண்டியே அதைத் தூக்கி நிமிர்த்தி, வாசலில் ஒரு பக்கத்தில் கட்டினான். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. தன்னை எதற்கு நட்டார்கள் என்று முருங்கைக்கும் அப்போது ஞாபகம் வந்துவிட்டது. தலையில் இருந்த பூவையெல்லாம் கொட்டியது. சூரியன் அதன் உச்சியைத் தொடுமுன் தாலி ஏறியது. காலன் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாழையை மெல்ல அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்து நடந்ததற்குக் காரணம் தத்துவம் அல்ல, பொறாமை. சடையாண்டி வீட்டுக்கு நான்காவது சுவர் எழும்பியது. சிலம்பாயி தாலாட்டுக்கு ஒரு முடிவு கட்டினாள். பிள்ளைகள் அதைக் கேட்டுத் தூங்கின. அவள் தண்ணீருக்குப் போனால், "எப்ப வருவே?" என்று அவன் வாசல்வரை வந்து கேட்டான். இதையெல்லாம் பார்த்த ஊரார் ஒவ்வொருவராகப் புற்றுமேட்டுக்குப் போய் எருமையின் முன் கையை விரித்தார்கள். அந்த அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் போனார்கள். திரும்பி வரும் வழியில் பேசிவிட்டார்கள். நாளடைவில் எருமையே வீடு வீடாக வந்து, பிறந்த பிள்ளைகளின் கையையும் மோந்துவிட்டுப் போனது. பச்சைக் குழந்தைகள் கையை இறுக்கி மூடிக்கொண்டு பிறப்பது அதைத் தெரிந்துதான் என்று ஒரு கட்சி உண்டு.

கல்யாணத்துக்குப் பிந்திய மழையில், அப்பா வீட்டுக் கொல்லையில் வாழை நின்ற இடத்தில் ஒரு கன்று தலைகாட்டியது. சிலம்பாயி ஓடிப்போய் மண்டியிட்டாள்.

"வந்துட்டியா?"

கன்று அவளை ஏற இறங்கப் பார்த்தது. "யாரு நீ?"

அது திரும்பி வரவில்லை, வந்திருப்பது வேறொன்று. அவள் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சிலம்பாயி. உங்கம்மாவை எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தாள். சொல்ல நிறைய இருந்தது. ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை.

எருமை ஒரு நாள் வந்தது. உடம்பெல்லாம் சேறு. சிலம்பாயிக்குத் தலை நரைத்திருந்தது. மூத்த மகளுக்குப் பரிசம் போட்டு, முகூர்த்தமும் குறித்திருந்தார்கள்.

"வழியில குளம் நிறைய. கொஞ்சம் தாமதமாயிருச்சு" என்றது எருமை.

"இன்னும் கொஞ்சம் ஆகியிருக்கலாம்" என்றாள் சிலம்பாயி.

சடையாண்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"இனிச்சுதா மாமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

மொக்கையன் அப்போதும் ஆற்றோரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டுதான் இருந்தார். பாசி படர்ந்து, இறுகி, அதற்குள் கல்லாகியிருந்தார். துணி துவைக்க வந்த பெண்கள் மகள் போன சேதியைச் சொன்னார்கள். அந்தப் பாறையின் ஒரு பக்கம் இன்றும் கோடையில்கூட ஈரமாகவே இருக்கிறது. ஊற்று என்கிறார்கள்.

துக்கம் கழிந்து, குறித்த நாளில் மகள் கல்யாணம் வந்தது. சடையாண்டி இருட்டு விலகும்போதே எழுந்து கொல்லைக்குப் போனான். குலை தள்ளி, காலம் முடிந்து நின்ற இரண்டு வாழைகளிடம் விவரம் சொன்னான். அவை சரி என்றன. ஒன்றைக் கொண்டுவந்து, முன்பு அந்த வாழை நின்ற பக்கத்தில் கட்டினான். இன்னொன்றை, தன் கல்யாணத்தில் வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் கட்டினான். அது யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. கட்டி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பிக் கத்தினான்: "என்ன எல்லாரும் நின்னுக்கிட்டிருக்கீங்க? நேரமாச்சு, நேரமாச்சு!"

அன்று முதல்தான் நம் கல்யாண வீடுகளின் வாசலில் குலையும் பூவுமாக இரண்டு வாழைகள், பக்கத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. உள்ளே யாராவது ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாச்சு நேரமாச்சு என்று பதறிக்கொண்டே இருக்கிறார்.